பச்சை விளக்கு எரிந்தது, இறால் நாறியது

பழவேற்காட்டில் ஏரிக்கரை ஓரமாக வேனை நிறுத்தியிருந்தோம். சாயங்காலம் படகுத்துறையில் வாங்கிய இரண்டு கிலோ இறாலை உரித்துக் கழுவி, டப்பாவில் அடைத்து, வேனில் இருக்கும் சின்ன ஃப்ரிட்ஜுக்குள் வைத்தாயிற்று. கூரையில் 165 வாட் சோலார் பேனல். கட்டில் பலகைக்கு அடியில் 100 ஆம்பியர் அவர் பேட்டரி. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் காலை 11 மணிக்கே பச்சை விளக்கு வந்துவிட்டது, ஃபுல் என்று. “எதுக்கும் ஒரு ஐஸ் கட்டி வாங்கிப் போட்டுடேன்மா” என்றார் அத்தை. நான் பச்சை விளக்கைக் காட்டினேன்.

விடிகாலை 4 மணிக்கு நாற்றம்தான் எழுப்பியது. ஃப்ரிட்ஜ் எந்நேரம் நின்றதோ. அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை.

வேன் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பழைய மாருதி ஆம்னி. 2019-இல் உற்பத்தியே நின்றுபோன வண்டி. பின்சீட்டை மடக்கி மேலே பலகை போட்டால் கட்டில். மற்றதெல்லாம் ஏற்றி இறக்குகிற சாமான்தான். ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்வதால் வெட்டுவது, வெல்டு வைப்பது பக்கம் நான் போகவில்லை. பேனல்கூட கூரையில் ஒட்டியதல்ல, கேரியரில் போல்ட்டு போட்டுப் பிடித்தது. திருவான்மியூரிலிருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பினால் ஈ.சி.ஆரில் ஏதாவது ஒரு கடற்கரை, ஞாயிறு மதியம் வீடு. இதற்காகத்தான் இவ்வளவும்.

இறால் சமாச்சாரத்துக்கு முன்பே சகுனங்கள் இருந்தன. ராத்திரி இரண்டு மணிக்கு ஃபேன் வேகம் குறையும். ஃப்ரிட்ஜ் ‘டிக்’ என்று நின்று, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கிளம்பப் பார்த்து, மறுபடி நிற்கும். காலையில் வெயில் வந்ததும் எல்லாம் ஒழுங்காக ஓடும், பதினோரு மணிக்குப் பச்சை விளக்கு வரும். ராத்திரி செத்தது காலையில் உயிரோடு எழுந்து உட்கார்ந்தால் யாருக்குத்தான் சந்தேகம் நிலைக்கும்?

பழவேற்காட்டுக்குப் பிறகு ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். பேனலில் தூசி என்றார் வாட்ச்மேன் அண்ணன். காக்கை எச்சமும் உப்புப் படலமும் இருந்தது உண்மைதான். துடைத்தேன், பெரிய வித்தியாசமில்லை. என் தம்பி ஏ.சி. சர்வீஸ் செய்கிறவன். அலட்டலாக கிளாம்ப் மீட்டரோடு வந்தான். பேனல் வயரைக் கவ்வவிட்டுப் பார்த்தான். பூஜ்யம். “அக்கா, பேனல் காலி” என்று தீர்ப்பு சொல்லிவிட்டான். நான் புதுப் பேனலுக்கு விலைகூட விசாரித்துவிட்டேன். அரை மணி நேரம் கழித்து அவனே தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். சாதாரண கிளாம்ப் மீட்டர் வீட்டு லைனில் வரும் ஏ.சி. கரண்டை மட்டும்தான் பார்க்கும். பேனல் தருவது டி.சி., அதற்கு வேறு வகை வேண்டும். பேனலிலிருந்து ஆயிரம் ஆம்பியர் போனாலும் அவன் மீட்டர் பூஜ்யம்தான் காட்டியிருக்கும்.

பிறகு ஒழுங்காகப் பார்த்தோம். பேனலைக் கன்ட்ரோலரிலிருந்து கழற்றி, சும்மா வோல்டேஜ் வைத்தால் 21. மல்டிமீட்டர் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேனலின் இரண்டு முனைக்கும் நேராக வைத்தால் 8.7 ஆம்பியர். இப்படி முனையோடு முனை வைப்பதால் பேனலுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மலிவான மீட்டர்களில் சில விநாடிக்கு மேல் வைக்கக் கூடாது. (பேட்டரியில் இந்த வேலையை மறந்தும் செய்துவிடாதீர்கள். மீட்டரும் போகும், கையும் போகும்.) ஆக, பேனலில் குற்றமில்லை.

அடுத்து பேட்டரிக் கடை. இரண்டு கொம்பு வைத்த லோடு டெஸ்டரை வைத்து அழுத்தினார் கடைக்காரர். முள் சிவப்புக்குள் விழுந்தது. “டெட்டு மேடம்.” வாங்கி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. பழசைக் கொடுத்து, மேலே பணம் போட்டுப் புதுசு எடுத்தேன். இரண்டு மாதம் அருமையாக ஓடியது. அப்புறம் கோவளத்தில் ஒரு ராத்திரி அதே ‘டிக்’.

இந்த இடத்தில் எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. ஒரு நோட்டுப் போட்டேன். தினமும் சாயங்காலம் வெயில் போய், எதையும் ஓடவிடாமல் இரண்டு மூன்று மணி நேரம் பேட்டரியைச் சும்மா விட்டு, அப்புறம் வோல்டேஜ் எழுதுவேன். அப்படி விடாமல் சார்ஜ் முடிந்த கையோடு பார்த்தால் எந்தப் பேட்டரியும் மேல்பூச்சாக நல்ல எண்ணைக் காட்டும். ஓய்வெடுத்த ஈயப் பேட்டரியில் 12.7 இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 11.8-க்கு வந்தால் கிட்டத்தட்ட காலி. என் நோட்டில் 12.6-ஐத் தாண்டிய நாளே கிடையாது. பச்சை விளக்கோ ஒருநாள்கூடத் தவறவில்லை.

நோட்டில் இன்னொரு விசித்திரமும் தெரிந்தது. மார்கழியில் 12.5, 12.6 என்று இருந்தது, கத்திரியில் 12.3-க்கு இறங்கியிருந்தது. சென்னை வெயிலில் சோலாருக்கு என்ன குறை என்று எல்லோரும் கேட்கிறார்கள். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம்தான், சூடு அதற்கு ஆகாது. பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் வாட் கணக்கெல்லாம் செல்லின் சூடு 25 டிகிரி இருக்கும்போது எடுத்தது. மே மாதம் தகரக் கூரையை ஒட்டினாற்போல் படுத்திருக்கும் பேனலில் செல் 65, 70 டிகிரிக்குச் சுலபமாகப் போகும். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் வோல்டேஜ் குறையும். 36 செல் பேனல், வேலை செய்யும்போது 18 வோல்ட் தர வேண்டியது, கத்திரி மத்தியானத்தில் 15-க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஈயப் பேட்டரி நிறைய 14.4 வேண்டும். வழியில் வயரும் கன்ட்ரோலரும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். பேட்டரிக்குக் கொடுக்க என்ன மிச்சமிருக்கும்?

மார்கழியில் உச்சி வெயிலே 53 டிகிரி உயரத்தில் சாய்ந்துதான் இருக்கும். தட்டையாகப் படுத்த பேனலுக்கு வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அப்படியும் மார்கழி ஜெயித்தது என்றால், கூரையில் எவ்வளவு சூடு சேர்ந்திருக்க வேண்டும் என்று பாருங்கள்.

ஆனால் சூடு மட்டும் காரணமென்றால் மார்கழியிலாவது 12.7 வந்திருக்க வேண்டுமே?

புதுப்பேட்டையில் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் பாய் ஒருவர் இருக்கிறார். ஆம்னியின் செல்ஃப் மோட்டார் வேலைக்காக ஏற்கனவே பழக்கம். சோலாரெல்லாம் அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்ற எண்ணத்தில்தான் அதுவரை அவரிடம் போகாமலிருந்தேன். அந்த எண்ணத்துக்கான விலை ஒரு பேட்டரி.

“ஃபுல்லுன்னு யாரும்மா சொன்னது?”

“கன்ட்ரோலர் சொல்லுது பாய்.”

“அது எங்க இருக்குது, பேட்டரி எங்க இருக்குது?”

கன்ட்ரோலர் முன்சீட்டுக்குப் பின்னால். பேட்டரி கடைசியில், கட்டில் பலகைக்கு அடியில். நடுவே வயர், போக இரண்டரை மீட்டர், வர இரண்டரை மீட்டர். பகல் ஒரு மணி. பாய் மீட்டரைக் கன்ட்ரோலரின் பேட்டரி முனையில் வைத்தார்: 13.8. அப்படியே பின்னால் வந்து பேட்டரியின் ஈயக் கம்பத்திலேயே வைத்தார்: 13.2. அதே வயர், அதே நிமிஷம், 0.6 வோல்ட்டைக் காணோம்.

“மீட்டரும் பொய் சொல்லல, உன் கன்ட்ரோலரும் பொய் சொல்லல. அது தன் வாசல்ல நிக்கிற தண்ணிய அளந்து தொட்டி ரொம்பிடிச்சின்னு நெனச்சிக்குது. தொட்டி தெருக்கோடில கீது.”

விஷயம் முழுக்க இதுதான். கன்ட்ரோலர் பேட்டரியைப் பார்ப்பதே இல்லை. தன் முனையில் இருக்கும் வோல்டேஜைத்தான் பார்க்கிறது. அங்கே அளவைத் தொட்டதும் நிறைந்துவிட்டது என்று முடிவுகட்டி, பேனல் கொடுக்கத் தயாராக இருக்கும் கரண்டை நெரிக்க ஆரம்பிக்கிறது. வயரில் தடை இருந்தால் அந்த முனையின் வோல்டேஜ் சீக்கிரமே ஏறிவிடும். பேட்டரி பாதி வயிற்றோடு கிடக்கும், விளக்கு பச்சையாக எரியும்.

கரண்ட் ஓடாதபோது இந்தக் கோளாறு கண்ணுக்கே தெரியாது. ராத்திரியில் இரண்டு இடத்திலும் மீட்டர் வைத்தால் ஒரே எண்தான் வரும். நான் மாதக்கணக்கில் அப்படித்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்! பாய் முதலில் பேனலைக் கழற்றச் சொன்னார். பிறகு கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டு, அந்த வயர் முனையில் ஒரு பழைய ஹெட்லைட் பல்பைக் கட்டினார். 60/55 வாட் பல்பு, இரண்டு ஃபிலமென்ட்டையும் சேர்த்துப் போட்டால் ஒன்பது ஆம்பியர் இழுக்கும். பேனல் உச்சியில் கொடுக்கும் கரண்டும் கிட்டத்தட்ட அதுதான். பேட்டரிக் கம்பத்தில் 12.4. பல்புப் பக்கம் 11.3. முழுசாக 1.1 வோல்ட் வழியில் போயிருக்கிறது.

எங்கே போகிறது என்று தேடும் வேலைதான் எனக்கு அன்றைக்குக் கிடைத்த பாடம். மீட்டரின் ஒரு முள்ளை ஒரு ஜாயின்ட்டின் இந்தப் பக்கமும் இன்னொன்றை அந்தப் பக்கமும் வைக்க வேண்டும், பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே. நல்ல ஜாயின்ட்டில் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். ஒவ்வொன்றாக நகர்ந்தோம். வயரின் நீளத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து 0.3. நெகட்டிவ் வயரின் நுனியில் மாட்டும் லக்கில் 0.2. ஃப்யூஸ் ஹோல்டரில் 0.6! பாய் மீட்டரைக் கீழே வைத்துவிட்டு ஹோல்டரை விரலால் தொட்டார். “நீயும் தொடு.” வெதுவெதுவென்று இருந்தது. 0.6 வோல்ட்டை ஒன்பது ஆம்பியரால் பெருக்கினால் ஐந்து வாட்டுக்கு மேல். அந்தச் சுண்டுவிரல் அளவு பிளாஸ்டிக்குக்குள் அவ்வளவும் சூடாகப் போய்க்கொண்டிருந்தது.

கண்ணாடி ஃப்யூஸை ஸ்பிரிங் வைத்து அழுத்தும் வகை ஹோல்டர் அது. திருகித் திறந்ததும் உள்ளே பச்சைக் களிம்பு. ஸ்பிரிங் சூட்டில் தளர்ந்து போயிருந்தது. ஃப்யூஸ் எரியவில்லை, அதனால் யாரும் அதைத் திறந்து பார்க்கவுமில்லை. திருவான்மியூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜன்னல் கம்பியில் ஆரம்பித்து ஏ.சி.யின் வெளி யூனிட் வரை எதையும் அந்த உப்புக்காற்று விட்டுவைப்பதில்லை. ஒவ்வொரு வாரமும் கடலோரத்தில் நிற்கும் வண்டியை மட்டும் விட்டுவிடுமா? நெகட்டிவ் லக்கை இடுக்கியால் நசுக்கி விட்டிருந்தார்கள். அதிலும் களிம்பு.

அந்த 13.8 என்ற எண்ணுக்கும் ஒரு கதை உண்டு. 14.4 வரை ஏற வேண்டிய கன்ட்ரோலர் ஏன் 13.8-லேயே நின்றது? ஈயப் பேட்டரி சூடானால் அதற்குக் குறைவான வோல்டேஜ் போதும் என்பதால், பல கன்ட்ரோலர்கள் தங்களுக்குள் இருக்கும் சென்சாரைப் பார்த்து அளவைக் குறைத்துக்கொள்ளும். 12 வோல்ட் பேட்டரிக்கு டிகிரிக்குச் சுமார் 24 மில்லிவோல்ட். நல்ல ஏற்பாடுதான், கன்ட்ரோலரும் பேட்டரியும் ஒரே இடத்தில் இருந்தால். ஆம்னிக்கு இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில். அதன் பின்பக்கத்திலேயே கன்ட்ரோலரை மாட்டி வைத்திருக்கிறேன், பட்டனைக் கைக்கு எட்டிய தூரத்தில் பார்க்க வசதி என்று. 25-க்கு மேல் 25 டிகிரி ஏறினால் 0.6 வோல்ட் வெட்டு. கணக்கு அப்படியே பொருந்தியது. இன்ஜின் சூட்டை அளந்து, பேட்டரிக்குக் காய்ச்சல் என்று முடிவு செய்து, பட்டினி போட்டிருக்கிறது.

பழைய பேட்டரியைப் பற்றியும் கேட்டேன். அது நிஜமாகவே செத்துத்தான் போயிருந்தது என்றார் பாய். நாள்கணக்கில் முழுசாக நிறையாமலே கிடக்கும் ஈயப் பேட்டரியின் தகட்டில் சல்ஃபேட் படிந்து, கெட்டிப்பட்டு, பிறகு கரையாது. கடைக்காரர் டெஸ்டரில் பார்த்தது சரி. ஏன் செத்தது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. புதுசும் அதே வழியில் பாதி தூரம் போயிருந்தது.

பழுது பார்த்தது ஒரே மத்தியானம். பாரிமுனையில் பத்து ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் வாங்கினேன். முன்பு இருந்தது இரண்டரை ஸ்கொயர். கன்ட்ரோலரைக் கழற்றி, பேட்டரிக்குப் பக்கத்திலேயே, ஆனால் வேறு தட்டில் மாட்டினோம். தண்ணீர் ஊற்றும் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும். பொறி பறக்கக்கூடிய எதையும் அதன் தலைக்கு மேல் வைக்கக் கூடாது, மூடிய பெட்டிக்குள் பேட்டரியை அடைக்கவும் கூடாது. இடம் மாற்றியதில் வயர் ஒரு மீட்டருக்குள் அடங்கியது, இன்ஜின் சூடும் தொலைந்தது. ஸ்பிரிங் ஹோல்டருக்குப் பதில் போல்ட்டு போட்டு முறுக்கும் ஃப்யூஸ், பேட்டரிக் கம்பத்துக்கு ஒரு சாண் தூரத்தில். லக்கெல்லாம் ஒழுங்கான கிரிம்ப்பிங் டூலால் அழுத்தி, மேலே வாசலின் தடவியாயிற்று.

மாட்டும்போது முதலில் பேட்டரி, அப்புறம் பேனல். கழற்றும்போது முதலில் பேனல். பேட்டரியைப் பார்த்துத்தான் கன்ட்ரோலர் தன் வேலையைத் தொடங்கும். அது இல்லாமல் பேனலின் 21 வோல்ட்டை நேராகக் காட்டினால் சில கன்ட்ரோலர்கள் அங்கேயே போய்விடும். இன்னொன்று, உச்சி வெயிலில் பேனலின் பிளக்கைப் பிடுங்காதீர்கள். நான் ஒருமுறை பிடுங்கினேன், நீலமாக ஒரு பொறி இழுத்துக்கொண்டே வந்தது. வீட்டுக் கரண்ட் விநாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடும், அதனால் பொறி தானாக அறுந்துவிடும். டி.சி. அப்படித் தொடுவதே இல்லை. அதே காரணத்தால் வீட்டுக்குப் போடும் ஏ.சி. ட்ரிப்பரை இங்கே போட்டு ஏமாறவும் வேண்டாம். பேனல் மேல் ஒரு போர்வையைப் போட்டுவிட்டுக் கழற்றுங்கள்.

கூரை வேலையைத் தம்பி செய்தான், கிளாம்ப் மீட்டர் பாவத்துக்குப் பரிகாரமாக. அலுமினிய ஆங்கிள் வைத்துப் பேனலை நான்கு விரல் தூக்கினான், அடியில் காற்று ஓட. அதில் கேட்காமலே இன்னொரு பலனும் வந்தது. கேரியரின் பக்கக் கம்பி காலையிலும் மாலையிலும் பேனலில் விரல் கனத்துக்கு ஒரு நிழல் போட்டுக்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய பேனலில் ஒரு கம்பி நிழலால் என்ன ஆகும் என்று தோன்றும். 36 செல்லும் ஒரே வரிசை. ஒரு செல் நிழலில் மாட்டினால் மொத்த வரிசையின் கரண்டும் அந்தச் செல்லின் அளவுக்கு இறங்கும். நிழல் பட்ட பகுதியைத் தவிர்த்துக் கரண்டைச் சுற்றி அனுப்பும் பைபாஸ் டயோடு இருக்கிறதே என்பார்கள். பாதிப் பேனலை அது ஒதுக்கிவிட்டால் மீதி தருவது ஒன்பது வோல்ட். அதை வைத்துக்கொண்டு 13 வோல்ட் பேட்டரிக்குள் ஒரு சொட்டுக்கூடத் தள்ள முடியாது.

எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் (பேனலின் உபரி வோல்டேஜைக் கூடுதல் கரண்டாக மாற்றித் தரும் வகை) வாங்கு, லித்தியம் பேட்டரிக்கு மாறு என்று சொல்லாத ஆள் இல்லை. வாங்கலாம், தப்பில்லை. ஆனால் என் மாதிரி 36 செல் பேனலில், அதுவும் சூட்டில் வோல்டேஜ் ஏற்கனவே விழுந்த நிலையில், எம்.பி.பி.டி. எடுத்துத் தரும் கூடுதல் சொற்பம். 60 செல் பேனல் வைத்திருப்பவர்களுக்குத்தான் அது கட்டாயம். லித்தியம் பேட்டரியின் வோல்டேஜ் நிறைந்தபோதும் பாதியிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், ஆகவே வோல்டேஜைப் பார்த்து ஏமாறுவது இன்னும் சுலபம். களிம்பு பிடித்த ஹோல்டர் வழியாக எந்தப் பேட்டரிக்கும் ஒழுங்காகச் சார்ஜ் ஏறாது. அதற்குப் பதில் ரிச்சி தெருவில் ஷன்ட் வைத்த ஒரு மீட்டர் வாங்கினேன். எத்தனை ஆம்பியர் உள்ளே போகிறது, எத்தனை வெளியே வருகிறது, நாள் முழுக்க எவ்வளவு சேர்ந்தது என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும். பச்சை விளக்கின் மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டேன்.

இப்போது நல்ல நாளில் 38, 40 ஆம்பியர் அவர் உள்ளே போகிறது. ஓய்வு வோல்டேஜ் 12.7. கோவளத்தில் ஒரு ராத்திரி எந்தத் தடங்கலும் இல்லை.

இரண்டாவது ராத்திரிதான் உதைக்கிறது. ஷன்ட் மீட்டர் வந்த பிறகுதான் நான் ஒருநாளும் போடாத கூட்டலைப் போட்டேன். ஃப்ரிட்ஜ் ஓடும்போது 45 வாட், சென்னைச் சூட்டில் பாதி நேரம் ஓடும். ஒரு நாளைக்கு 45 ஆம்பியர் அவர். ஃபேன் 12. மொத்தம் 57. வரவு 40. ஈயப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால் கையிருப்பு 50-தான். எல்லா வயரும் சொக்கத் தங்கமாக இருந்தாலும் இந்தக் கணக்கு இரண்டாம் நாள் இடிக்கும். வண்டி ஓடும்போது டைனமோவிலிருந்து இந்தப் பேட்டரிக்கு ஒரு லைன் இழுத்தால் சரியாகும்; தீபாவளி கழித்து வரச் சொல்லியிருக்கிறார் பாய்.

நிறுத்துமிடச் சண்டை தனி. எங்கள் தெருவில் நிழலுக்கு அடித்துக்கொள்கிறார்கள். புங்க மரத்தடி யாருக்கு என்று அசோசியேஷன் கூட்டத்தில் சத்தமே வந்திருக்கிறது. என் கூரை போட்ட இடத்தை எதிர் ஃபிளாட் மாமாவுக்குக் கொடுத்துவிட்டு, தண்ணீர் லாரி திரும்பும் மொட்டை வெயில் மூலையை வாங்கிக்கொண்டேன். தன்னை ஏதோ வகையில் ஏமாற்றுகிறேன் என்ற சந்தேகம் அவருக்கு இன்னும் போகவில்லை.

டைனமோ லைன் வரும்வரைக்கும் ஒரு ஏற்பாடு. பகலில் பேட்டரி நிறைந்த பிறகு பேனல் சும்மா இருக்கும் நேரத்தில் ஃப்ரிட்ஜைக் கடைசிக் குளிருக்கு வைத்துவிடுவேன். உள்ளே மூன்று தண்ணீர் பாட்டில் கல்லாக உறைந்திருக்கும். ராத்திரி பதினொன்றுக்கு ஃப்ரிட்ஜை அணைத்தால் காலை வரை அந்தக் கட்டியே தாங்குகிறது. போன வாரம் கோவளத்தில் இதை அத்தையிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். முழுசாகக் கேட்டுவிட்டு, “ஐஸ்தானே?” என்றார்.